எந்த ஸ்டில்?

துறைமுகத்தில் அவருக்கு மேல்மாடி என்று பெயர். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளை இறக்கும் ராட்சதக் கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, கீழே எறும்பு மாதிரி ஓடுகிற ஆட்களைக் குனிந்து பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். கீழே நிற்கிறவர்கள் வாய் அரிக்கும்போதெல்லாம் வாக்கிடாக்கியை எடுத்து, "என்னப்பா, மேல்மாடி காலியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

"மேல்மாடியில ஆள் இருக்கு. கீழ்வீட்டுலதான் எவனும் வேலை செய்யுற மாதிரி தெரியல" என்று அவரும் விட்டுக்கொடுக்காமல் திருப்பிக் கொடுப்பார்.

அந்தப் பெயருக்காக அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தன் வேலையைப் பற்றி அவருக்கு அப்படியொரு நிச்சயம். ஒரு வீட்டுக் கனம் கனக்கும் பெட்டியை, தூங்கிவிட்ட பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற பதத்தில் லாரியின் முதுகில் வைப்பார். லாரி டிரைவருக்குப் பெட்டி வந்து உட்கார்ந்ததே தெரியாது. கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

அவருடைய ஆங்கிலமும் அந்த அறையில் கற்றுக்கொண்டதுதான். கீழே நின்று சைகை சொல்லும் மேஸ்திரி வேறு நாட்டுக்காரர். அவருக்குத் தமிழ் வராது, இவருக்கு அவர் மொழி வராது. இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் ஆங்கிலம் ஓடியது. அப், டவுன், லெஃப்ட், ஸ்லோ, ஸ்டாப். இவற்றோடு ஸ்டில் என்று ஒரு வார்த்தை. பெட்டி இறங்கி இறங்கி லாரியை நெருங்கும்போது மேஸ்திரி கையைத் தாழ்த்திக்கொண்டே, "ஸ்டில்... ஸ்டில்... ஸ்டில்..." என்று இழுப்பார். இன்னும் வா, இன்னும் கொஞ்சம், இன்னும் என்று அர்த்தம். ஆக ஸ்டில் என்றால் இன்னும். அகராதியைத் திறந்தாலும் அதுதான் இருக்கும் என்று மேல்மாடிக்காரர் அடித்துச் சொல்வார். அவர் சொன்னது தப்பும் இல்லை.

பிறகு துறைமுகம் மாறியது. கிரேன்களில் கேமரா பொருத்தினார்கள். உச்சியில் ஆள் ஏறத் தேவையில்லை, கீழே குளுகுளு அறையில் திரையைப் பார்த்து ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். புது ஏற்பாடு சரியாக நடக்கும்வரை பழைய ஆட்கள் வீட்டில் இருக்கட்டும், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இருக்கச் சொன்னால் மனுஷன் சும்மா இருப்பாரா? அவருடைய மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போனால் இறக்கிவிட்டு வந்து சமைத்து, துவைத்து, திரும்பச் சாயங்காலம் பிள்ளைகளை அள்ளி வீடு வீடாக இறக்கிவிட்டு வருவாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள். உட்கார்ந்தாள் என்றால் அது ஸ்டீயரிங் முன்னால்தான். அவள் ஒருநாள் வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தபோது அடுப்படி அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது.

"ஏங்க, உப்பு எங்க?"

"இடது ஓரம், அடி வரிசை. அதுக்கு மேல பருப்பு, பருப்புக்கு மேல மிளகாய், எல்லாத்துக்கும் மேல டீத்தூள்."

"ஒரு சிட்டிகை உப்புக்கு நான் மூணு டப்பாவை இறக்கணுமா?"

"கனமானது கீழ போகணும். அதுதான் முறை. நடுக்கடல்ல ஆடினாலும் சாயாது பாரு."

"நம்ம அடுப்படி எந்தக் கடலுக்குப் போகுது?" என்று கேட்டுவிட்டு அவள் அங்கேயே நின்றபடி தங்கைக்குப் போன் போட்டாள். "அடியே, உங்க மாமாவுக்கு எங்கயாவது ஒரு வேலை பாரு. என்ன வேலையா இருந்தாலும் சரி. பகல்ல இந்த மனுஷன் அடுப்படியில இல்லாம இருந்தா எனக்கு அதுவே கோடி புண்ணியம்."

தங்கை சிற்பக் கல்லூரி ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறவள். களிமண் மூட்டை, கம்பி, செதுக்கும் கத்தி எல்லாம் அவள் கையிலிருந்துதான் வகுப்புகளுக்குப் போகும். அடுத்த நாளே வந்துவிட்டாள்.

"மாமா, வேலை இருக்கு. எங்க வகுப்புல மாடலா உக்காந்திட்டிருந்தவர் ஊருக்குப் போயிட்டார். நீங்க வந்து சும்மா உக்காந்தா போதும்."

"சும்மா உக்கார்றது ஒரு வேலையா?"

"வேலைதான். பசங்க உங்களைப் பார்த்துப் பார்த்துத் தலையைச் செய்வாங்க."

"சட்டை போட்டுக்கலாம்ல?"

"தாராளமா. தலை மட்டும்தான். களிமண்ணுல செய்யுறாங்க."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி சட்டென்று குழாயை மூடினாள். "இவர் தலையைக் களிமண்ணுல செய்யணுமா? அது ஏற்கெனவே அதுலதானடி செஞ்சிருக்கு" என்று அவள் சொல்ல, அக்காவும் தங்கையுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை மேல்மாடிக்காரர் காத்திருந்தார். "சிரிங்க சிரிங்க. உக்கார்ற வேலையில என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நாளைக்கே வர்றேன்னு சொல்லு."

வகுப்பறை உயரமான கூரையும், அதற்குக் கொஞ்சம் கீழே அகலமான ஜன்னல்களுமாக இருந்தது. ஈர மண் வாசனை. மாணவர்கள் அரைவட்டமாக நின்றார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இடுப்புயரத்துக்கு ஒரு சுழல் மேடை, அதன் மேல் கம்பியில் அப்பிய களிமண் உருண்டை. நடுவில் ஒரு மேடையும் அதன் மேல் உயரமான ஸ்டூலும் போட்டிருந்தார்கள். ஸ்டூல் உயரமாக இருந்ததே மேல்மாடிக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. எல்லோரையும் மேலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும்.

ஆசிரியை நல்ல உயரம். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தார், முழங்கைவரை மண். அவருக்கோ மாணவர்களுக்கோ தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது. புன்னகையோடு வந்து, மேல்மாடிக்காரரின் தாடையை ஒரு விரலால் தொட்டு இடது பக்கமாக லேசாகத் திருப்பினார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டி, "ஸ்டில்" என்றார்.

மேல்மாடிக்காரருக்கு உள்ளுக்குள் பூரிப்பு. முதல் நாள், முதல் வார்த்தை, அதுவே தெரிந்த வார்த்தை! இன்னும் திரும்ப வேண்டும், அவ்வளவுதானே? கிரேனின் கையைக் கடல் பக்கமிருந்து கரைப் பக்கம் கொண்டுவருகிற அதே நிதானத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல், தலையை இடது பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தார்.

அவ்வளவு மெதுவாகத் திருப்பியதில் முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வலது பக்கம் நின்ற மாணவி களிமண்ணில் மூக்கைப் பிடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், மூக்கு இருந்த இடத்தில் காது இருந்தது. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பையன் மூக்கைத் தொலைத்துவிட்டுத் தன் சுழல் மேடையையே தூக்கிக்கொண்டு இடது பக்கம் நகர்ந்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நகர்ந்தார்கள்.

ஆசிரியை திரும்பிப் பார்த்தார். "ஸ்டில்!" என்றார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.

இன்னுமா? சரி, அவர்களுக்குத் தெரியாததா என்று மேல்மாடிக்காரர் இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"ஸ்டில், ப்ளீஸ்!"

ப்ளீஸ் என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டாரே என்று அவருக்கு இரக்கமாகப் போய்விட்டது. இதற்கு மேல் கழுத்து போகாது என்ற நிலை வந்ததும், உடம்பையும் சேர்த்து ஸ்டூலில் நகர்த்தித் திருப்பினார். கடைசியில் மொத்த வகுப்புக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து ஆசிரியையின் குரல் கிறீச்சிட்டது. "ஸ்டில்! ஸ்டில்! ஸ்டில்!"

மேல்மாடிக்காரர் சுவரைப் பார்த்தபடியே கையைத் தூக்கினார். "மேடம், நோ மோர்! நெக் ஃபினிஷ்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. மனுஷன் வேண்டுமென்றே தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டார். முகம் சிவக்க வெளியே போனவர், திரும்பி வரும்போது ஸ்டோரிலிருந்து கொழுந்தியாளைக் கையோடு அழைத்து வந்தார்.

"மாமா, என்ன மாமா இது? வந்த முதல் நாளே சுவரைப் பார்த்து உக்காந்திருக்கீங்க?"

"அவங்கதாம்மா திரும்பு திரும்புன்னாங்க. ஸ்டில் ஸ்டில்னு தொண்டை கிழியக் கத்துறாங்க."

"ஸ்டில்னா அசையாம இருங்கன்னு அர்த்தம்!"

"யார்கிட்ட கதை விடுற? ஸ்டில்னா இன்னும். இத்தனை வருஷம் அந்த வார்த்தையை நம்பித்தான் பெட்டி இறக்கியிருக்கேன். ஒரு பெட்டி தப்பா இறங்கினதில்ல."

கொழுந்தியாள் வேறு வழியில் வந்தாள். "சரி, சினிமா போஸ்டர்ல ஹீரோ காலைத் தூக்கி எட்டி உதைக்கிற மாதிரி ஒரு ஸ்டில் போடுவாங்கல்ல? அந்தக் கால் எப்பவாவது கீழ வந்து பார்த்திருக்கீங்களா?"

அந்தக் கால் கீழே வந்து அவர் பார்த்ததில்லை.

"அப்ப இன்னும்னு அர்த்தம் இல்லையா?"

"அதுவும்தான், இதுவும்தான். ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்."

"ஒரே வார்த்தைக்கு 'இன்னும் போ'ன்னும் அர்த்தம், 'அசையாதே'ன்னும் அர்த்தமா? இதை வச்சுக்கிட்டு இங்கிலீஷ்காரங்க எப்படித்தான் கப்பல் ஓட்டினாங்க?"

"ஏன், நம்மகிட்ட இல்லையா? 'படி'ன்னு சொன்னா என்ன? புத்தகம் படிக்கிறதா, மாடிப்படியா?"

"அது எப்படிக் குழம்பும்? எங்க நிக்கிறோம், யார் சொல்றாங்கன்னு பார்த்தா தெரிஞ்சிடும்ல?"

"இதுவும் அதே மாதிரிதான் மாமா. கிரேன்ல சொன்னா இறக்குங்க. இங்க சொன்னா ஆடாதீங்க."

கொழுந்தியாள் விஷயத்தை ஆசிரியையிடம் ஆங்கிலத்தில் விளக்கினாள். பெட்டி இறங்குகிற மாதிரி கையால் காட்டி, "ஸ்டில்... ஸ்டில்..." என்று மேஸ்திரி போல இழுத்தும் காட்டினாள். ஆசிரியையின் கோபம் பாதிக் கதையிலேயே கரைந்துவிட்டது. மீதிக் கதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு உருவான தலைகளில் ஒன்றுக்குக்கூட மூக்கு சரியான இடத்தில் இல்லை. எல்லாவற்றையும் பிசைந்து மறுபடி தொட்டியில் போட்டார்கள். காதுக்குக் கீழே மூக்கு வைத்திருந்த ஒரு பையன் மட்டும், இதுதான் தன் வாழ்க்கையிலேயே நல்ல வேலை என்று சொல்லி அதைக் கொடுக்க மறுத்துவிட்டான்.

விஷயம் புரிந்த பிறகு மேல்மாடிக்காரரைப் பிடிக்க முடியவில்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முதல் சில நாள் கைகள்தான் படுத்தின. கிரேனில் உடம்பு ஓய்ந்திருந்தாலும் இரண்டு கைகளும் கைப்பிடிகளை விட்டதே இல்லை. இங்கே பிடிக்க ஒன்றும் இல்லாமல் விரல்கள் தொடை மேல் தன்னால் நகரும். மூக்கு நுனியில் ஈ உட்காரும். அரிப்பு முதுகின் நடுவில் ஆரம்பித்துக் கழுத்துவரை ஊர்ந்து வரும். விடாப்பிடியாக இருந்தார். போகப் போக ஈயும் அரிப்பும் வந்த வழியே போயின. ஆசிரியை உள்ளங்கையைக் காட்டி "ஸ்டில்" என்பார், இவர் கல்லாகிவிடுவார். இடைவேளை வந்ததும் "ஓகே" என்பார், இவர் கழுத்தைச் சுழற்றிக் கையை உதறிச் சோம்பல் முறித்துவிட்டு, தானும் "ஓகே" என்பார். வகுப்பே அந்த "ஓகே"க்குக் காத்திருந்து கூடச் சேர்ந்து சொல்லும்.

அவருக்கே ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் மனிதர்களின் உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறார். இப்போதுதான் முகங்களைப் பார்த்தார். ஒருத்தி வேலையில் மூழ்கினால் நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஒருவன் மண்ணோடு சண்டை போடுவான், மண்ணைத் திட்டுவான், பிறகு தடவிக் கொடுப்பான். தன்னைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் போய், எல்லோரையும் தான்தான் பார்க்கிறோம் என்று ஆகிவிட்டது அவருக்கு.

இப்படி இருக்கும்போது துறைமுகத்திலிருந்து போன் வந்தது. புது அறையில் ஓர் இடம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அவரை அதே வேனில் துறைமுக வாசலில் கொண்டுபோய் விட்டாள். "உள்ள போய் வளவளன்னு பேசாதீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நைட் ஷிப்டுன்னா மட்டும் முடியாதுன்னு சொல்லிடுங்க, உங்களுக்கு உடம்பு தாங்காது" என்று சொல்லி அனுப்பினாள்.

மேலாளர் புதியவர், வயசு குறைவு. ஆங்கிலம் மட்டும்தான் பேசினார், அதுவும் மழை கொட்டுகிற வேகத்தில். திரையைக் காட்டினார், ஜாய்ஸ்டிக்கைக் காட்டினார், ஏதேதோ சொன்னார். அதில் மேல்மாடிக்காரருக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது "நைட் ஷிப்ட்" என்பது மட்டும்தான். மனசு சுருங்கியது. இதை எப்படி மறுப்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டபோது மேலாளர், "ஆர் யூ ஸ்டில்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மேஜை மேல் போன் அடித்தது. மேலாளர் ஒரு கையால் போனை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று மறு உள்ளங்கையை இவர் பக்கம் நிமிர்த்திக் காட்டினார்.

ஸ்டில் என்ற வார்த்தை. கூடவே நிமிர்ந்த உள்ளங்கை. மேல்மாடிக்காரரின் உடம்பு அவரைக் கேட்கவில்லை. தாடை லேசாக உயர்ந்தது, தோள் இறங்கியது, பார்வை மேலாளரின் காதுக்குப் பின்னால் இருந்த சுவரில் போய்க் குத்தி நின்றது. கல்லாகிவிட்டார்.

மேலாளர் போனை வைத்துவிட்டு, "ஸ்டில் இன்ட்ரஸ்டட்?" என்று கேட்டார்.

முதல் வார்த்தை போதுமே. மேல்மாடிக்காரர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

மேலாளர் காத்திருந்தார். கண்ணைப் பார்த்தார். அந்தக் கண் சிமிட்டவில்லை. பேனாவை உருட்டினார், கடைசியில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நைட் ஷிப்ட் பழைய ஆட்களுக்குக் கஷ்டம்தான், புரிகிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எதிரே ஓர் அசைவும் இல்லை. தண்ணீர் குடித்தார். "டே ஷிப்ட்?" என்றார். மேல்மாடிக்காரரின் காதில் அது தேனாகப் பாய்ந்தது. ஆனாலும் இன்னும் "ஓகே" வரவில்லையே! இடைவேளை சொல்லாமல் அசைவதா? அவர் அப்படியே இருந்தார். மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "டே ஷிப்ட். நோ வீக்கெண்ட்" என்று சொல்லிவிட்டு, இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை என்று இரண்டு கைகளையும் விரித்து, "ஓகே?" என்றார்.

மேல்மாடிக்காரர் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றினார். கைகளை உதறினார். நிதானமாகச் சோம்பல் முறித்தார். "ஓகே" என்றார்.

மேலாளர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

வாசலில் காத்திருந்த வேனில் ஏறி உட்கார்ந்து நடந்ததையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, மனைவி வண்டியை எடுக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும்.

"இருங்க இருங்க. 'ஸ்டில் இன்ட்ரஸ்டட்'னா கேட்டார்? ஏங்க, அது 'உங்களுக்கு இன்னும் விருப்பம் இருக்கா'ன்னு கேக்குறதுங்க!"

மேல்மாடிக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட! எனக்குத் தெரிஞ்ச பழைய அர்த்தமாச்சே அது!"

"அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லாம முறைச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. பாவம், அந்தப் பையன் பயந்து ஒண்ணொண்ணா இறங்கி வந்திருக்கான்."

"முறைக்கலம்மா. சும்மாதான் உக்காந்திருந்தேன். திரும்பப் போய் விஷயத்தைச் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? யாரையும் நீங்க ஏமாத்தலையே." அவள் சாவியைத் திருகினாள். "வாயைத் திறக்காம இருந்தா எவ்வளவு நல்லது நடக்குது பாருங்க. கல்யாணம் ஆன நாள்லயிருந்து இதைத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்?"

கல்லூரிக்குப் போய்ச் சொல்வதுதான் சங்கடமாக இருந்தது. தலைகள் எல்லாம் முக்கால்வாசியில் நின்றன. மூக்கு, கண், தாடை எல்லாம் வந்துவிட்டது, காதும் கழுத்தும்தான் பாக்கி. அந்த நேரத்தில் கொழுந்தியாள் பக்கத்தில் இல்லை. பரவாயில்லை, நாமே பேசிக்கொள்வோம் என்று மேல்மாடிக்காரர் ஆசிரியையிடம் போய் நின்றார்.

"மேடம். மண்டே டு ஃப்ரைடே, கிரேன். நோ கம்."

ஆசிரியையின் முகம் வாடியது. வரிசையாக நின்ற தலைகளைப் பார்த்தார். ஒன்றின் நெற்றியை விரலால் நீவினார். நீளமாக மூச்சு விட்டு, "ஸ்டில்..." என்று ஆரம்பித்தார்.

பழைய மேல்மாடிக்காரராக இருந்தால் கழுத்தைத் திருப்பியிருப்பார். இரண்டு நாளைக்கு முந்தைய மேல்மாடிக்காரராக இருந்தால் கல்லாகியிருப்பார். இப்போது ஆளை ஒரு பார்வை பார்த்தார். உள்ளங்கை நிமிரவில்லை. பெட்டி எதுவும் இறங்கவும் இல்லை. குழப்பத்தை மறைக்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. நேராகவே கேட்டார்.

"மேடம், விச் ஸ்டில்?"

வகுப்பு மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பியது. ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைகளைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார், வருத்தம் என்று. பிறகு ஒரு விரலை உயர்த்தி, "ஸ்டில்" என்றார். அப்புறம் மேல்மாடிக்காரரின் நெஞ்சைக் காட்டிக் கட்டை விரலைத் தூக்கி, முகம் முழுக்கச் சந்தோஷத்தைக் கொண்டுவந்தார்.

வருத்தம். ஸ்டில். சந்தோஷம். மேல்மாடிக்காரர் மனசுக்குள் ஒட்டிப் பார்த்தார். நீ போவதில் எங்களுக்கு வருத்தம்... உனக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம்... நடுவில் என்ன போட்டால் பொருந்தும்?

"இருந்தாலும்!" என்று கத்திவிட்டார். "நம்ம 'இருந்தாலும்'! அட, மூணாவதா ஒண்ணு இருக்கா இதுக்கு!"

யாருக்கும் அந்தத் தமிழ் வார்த்தை புரியவில்லை. ஆனால் ஆள் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. நாக்கைக் கடிக்கும் பெண் முதலில் கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள், மண் தெறித்தது.

கைதட்டல் ஓயவில்லை, அதற்குள் அவரை அழைத்துப் போக மனைவி உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே சத்தம் கேட்டுக் கொழுந்தியாளும் ஓடி வந்தாள். மனைவி ஒரு விரலில் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாம் அவள் புருஷன்தான். ஒன்று கோபமாக, ஒன்று யோசனையாக, ஒன்று இப்போதுதான் ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்த மாதிரி.

"களிமண் தலைன்னு நான் வாயாலதான் சொன்னேன். இவங்க கையாலயே செஞ்சு காட்டிட்டாங்க" என்று தங்கையிடம் சொன்னாள். பிறகு ஒரு தலை முன்னால் நின்றுவிட்டாள். "இந்தப் பிள்ளைதான் சரியா செஞ்சிருக்கு. ஒரு புருவம் மட்டும் தூக்கியிருக்கு பாரு. பொய் சொல்லும்போது அப்படித்தான் தூக்குவார்."

ஆசிரியை தலைகளைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தியாளை அருகில் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

"அக்கா, வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாத்திக்கிறாங்களாம். மாமா வந்தா போதுமாம், தலையை முடிச்சுடுவாங்களாம். ஆனா ஒரு நிபந்தனை. நீயும் வந்து பக்கத்துல உக்காரணுமாம். உன் முகமும் வேணுமாம்."

"நானா? எனக்கு உக்கார ஏது நேரம்?"

"சனிக்கிழமை உன் வேனே நிக்குது. நீ மட்டும் ஏன் ஓடுற?"

மனைவி சாவி சுழற்றுவதை நிறுத்தினாள். "சரி, வர்றேன். எனக்கும் பாதி வேலையில விட்டுட்டுப் போறது பிடிக்காது. ஆனா மூக்கை ஒழுங்கா வைக்கச் சொல்லு" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஸ்டூலுக்குப் பதிலாக ஒரு பெஞ்சைப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வெயில் பெஞ்சின் மேல் விழுந்திருந்தது. மனைவி நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். உட்கார்ந்ததும் முதலில் முதுகை நிமிர்த்தி, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறவள் போல விறைப்பாக இருந்தாள். பிறகு தோள் கொஞ்சம் தளர்ந்தது. கை மடியில் விழுந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை, எங்கும் ஹாரன் அடிக்கவில்லை, அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லை. ஈர மண்ணைத் தட்டும் சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இடைவேளை வருவதற்கு முன்பே அவள் தலை மெல்லச் சாய்ந்து புருஷனின் தோளில் வந்து உட்கார்ந்தது. தூங்கிப்போயிருந்தாள்.

ஆசிரியை வந்து வாயைத் திறக்கப் போனார். மேல்மாடிக்காரர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவளுக்கென்று தனித் தலையாக ஆரம்பித்திருந்ததையெல்லாம் சத்தமில்லாமல் கலைத்தார்கள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த இரண்டு தலைகளாகப் பிடிக்கத் தொடங்கினார்கள். இடைவேளை வந்தது, போனது. அவர் தோள் மரத்து, கை மரத்து, விரல் நுனிவரை உணர்வே போய்விட்டது. ஆனாலும் இமையைத் தவிர வேறொன்றையும் அவர் அசைக்கவில்லை.

வெயில் பெஞ்சைத் தாண்டித் தரைக்கு இறங்கியபோதுதான் அவள் திடுக்கிட்டு விழித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள்.

"எழுப்ப வேண்டியதுதானே? இத்தனை பேர் முன்னால என்னைத் தூங்க விட்டுட்டு உக்காந்திருக்கீங்களே, அறிவு இருக்கா உங்களுக்கு?"

"உள்ள என்ன இருக்குன்னுதான் உனக்குத் தெரியுமே" என்றார் அவர், மரத்துப்போன கையைத் தடவிக்கொண்டே.

அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடிக்கும் பெண்ணின் மேடையருகில் போய்க் குனிந்து பார்த்தாள். களிமண்ணில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மூக்கு சரியா இருக்கு" என்றாள். பிறகு திரும்பி, "அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு கேளுடி" என்று வாசலில் நின்ற தங்கையிடம் சொன்னாள்.